செம்மண் தெரிந்த ஆண்டுகள்

என் பெரியம்மா பிறந்து வளர்ந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இப்போது ஏரித் தண்ணீருக்கு அடியில் இருக்கிறதா, பெரிய சாலைக்கு அடியில் இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு வாக்குவாதம் உண்டு. தீபாவளிக்குக் கூடினால் கட்டாயம் அந்தப் பேச்சு வரும். அவர் பிறந்தது பிராங் பெசார் தோட்டம். இன்றைக்கு அதன் பெயர் புத்ராஜெயா, மலேசியாவின் நிர்வாகத் தலைநகர். ஏரிதான் என்று மாமா அடித்துச் சொல்வார். "இல்ல தம்பி, கோயில் மேட்டுல இருந்துச்சு, நம்ம லயம் கோயிலுக்குப் பின்னால. மேட்டுல எப்படித் தண்ணி நிக்கும்?" என்பார் பெரியம்மா. வீட்டில் வரைபடம் எதுவும் இல்லை. தோட்டத்தில் எடுத்த புகைப்படங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் கல்யாண மாலைகள்தான் தெரிகின்றன, நிலம் தெரியவில்லை.

அந்த வாக்குவாதத்தைத் தீர்க்கலாம் என்றுதான் நான் முதன்முதலாகச் செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் போனேன். இப்போது வார இறுதிகளில் பாதி நேரம் அவற்றோடுதான் போகிறது. கோலாலம்பூரைச் சுற்றி வாழும் தமிழர்கள் இந்தப் படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது மிகவும் அவசியம் என்று நான் நினைக்கிறேன். நம் தாத்தா பாட்டிகள் மூன்று தலைமுறையாக வாழ்ந்த நிலம் அவர்கள் பெயரில் இருந்ததே இல்லை. தோட்டத்தின் வரைபடங்கள் கம்பெனி அலுவலகத்தில் இருந்தன. தோட்டம் கைமாறியபோது அவையும் கூடவே போய்விட்டன. நம்மிடம் மிஞ்சியது வாய்ப்பேச்சும் நினைவும்தான். அந்த நினைவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பதிவு இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. காசும் கேட்பதில்லை.

கோலாலம்பூர் மாநகரத் தகுதி பெற்றது 1972 பிப்ரவரி 1 அன்று. அதே ஆண்டு ஜூலை 23 அன்று அமெரிக்காவின் நாசா, பூமியின் நிலப்பரப்பைத் தொடர்ந்து படமெடுப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. பிறகு அதற்கு லேண்ட்சாட் 1 என்று பெயர் வைத்தார்கள். நம் மாநகரமும் அதைப் பார்க்கத் தொடங்கிய கண்ணும் ஒரே வயதுக்காரர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தச் செயற்கைக்கோளில் முக்கியக் கருவியாக வைக்கப்பட்டது வேறொரு கேமரா. விர்ஜினியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த வருடுகருவி (ஸ்கேனர்) துணைக்கருவியாகத்தான் ஏறியது. முக்கியக் கேமரா இரண்டு வாரத்திலேயே மின்கோளாறால் நிறுத்தப்பட்டது. நார்வுட்டின் கருவிதான் நிலைத்து நின்று, பின்னால் வந்த எல்லா லேண்ட்சாட்களுக்கும் வழி காட்டியது. பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இரண்டு என நான்கு பட்டைகளில் அது ஒளியைப் பிரித்து அளந்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஏறத்தாழ 80 மீட்டர்.

எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமானது லேண்ட்சாட் 5. மூன்று ஆண்டு உழைத்தால் போதும் என்று திட்டமிட்டு 1984 மார்ச்சில் அனுப்பினார்கள். அது 2013 வரை, கிட்டத்தட்ட 29 ஆண்டுகள் உழைத்தது. அந்த 29 ஆண்டுகளில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னென்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1985-இல் ஈயத்தின் விலை விழுந்து லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், மூடப்பட்டன. தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறின. புக்கிட் ஜாலில் தோட்டத்துப் பக்கம் 1998 காமன்வெல்த் போட்டிக்காக அரங்கம் எழுந்தது. அதே ஆண்டு செப்பாங்கில் எண்ணெய் தரும் செம்பனைக்கு நடுவே விமான நிலையம் திறந்தது. 1995-இல் தொடங்கி பிராங் பெசார், அதன் அண்டைத் தோட்டங்களான காலவே, மெடிங்லி, செட்ஜ்லி எல்லாம் புத்ராஜெயாவாக மாறின. இத்தனைக்கும் மேலே 705 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே கண், 16 நாளுக்கு ஒருமுறை, அதே பாதையில் வந்து வந்து போயிற்று.

படங்கள் எப்போதும் இலவசமாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஒரே ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்கள்கூட இரண்டு படம் வாங்கி, 'அன்று', 'இன்று' என்று ஒப்பிட்டு முடித்துக்கொள்வார்கள். 2008-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் முழுத் தொகுப்பையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தத் துறையில் நடந்தவற்றில் மிகப் பெரிய காரியம் இதுதான் என்பேன். இரண்டு படத்தை வைத்து மாற்றம் நடந்ததா என்றுதான் கேட்க முடியும். ஆண்டுக்குப் பத்து படம் கையில் இருந்தால் எந்த ஆண்டு, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி, எவ்வளவு வேகத்தில் நடந்தது என்றெல்லாம் கேட்கலாம்.

இலை பொய் சொல்லாது

செயற்கைக்கோள் படம் என்றால் மேலிருந்து எடுத்த புகைப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது சில எண்கள். நீல ஒளி எவ்வளவு திரும்பி வந்தது, சிவப்பு எவ்வளவு, அகச்சிவப்பு எவ்வளவு என்ற கணக்கு. அந்தக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நல்ல பச்சை இலை, சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அகச்சிவப்பு அதற்குத் தேவையில்லை. இலைக்குள் இருக்கும் அறைகளின் அமைப்பே அதைத் திருப்பி வீசிவிடும். ஆகவே செழித்த மரத்தில் சிவப்பு மிகக் குறைவாகவும் அகச்சிவப்பு மிக அதிகமாகவும் திரும்பும். வெறும் மண்ணில் இரண்டும் ஏறத்தாழ நெருங்கி வரும். தண்ணீர் அகச்சிவப்பை அப்படியே விழுங்கிவிடும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை என்டிவிஐ என்கிறார்கள். ஒன்றை நெருங்கினால் அடர்ந்த பச்சை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மண் அல்லது கட்டடம், அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் தண்ணீர். பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இந்த எண்களை வைத்து பிராங் பெசார் இருந்த இடத்தை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகக் காட்டும்படி வைத்தால் தாவரம் எல்லாம் சிவப்பாகத் தெரியும். 1990-ஐ ஒட்டிய படத்தில் அந்த இடம் முழுக்க ஒரே சிவப்பு. அதற்குள் நூல் பிடித்தது போலத் தோட்டச் சாலைகள், பாத்தி பாத்தியாக வெவ்வேறு வயது மரங்கள். நடுவே வளைந்து போகும் சுங்கை சுவாவ் ஆற்றின் பள்ளத்தாக்கு. பிறகு தொண்ணூறுகளின் நடுவில் ஓரத்தில் ஒரு வெளிறிய கீறல். அடுத்த படத்தில் அது விரிகிறது. அப்புறம் ஏறக்குறைய எல்லாமே வெளிறிவிடுகிறது. அந்த வெளிறிய நிறம்தான் நம் ஊர்ச் செம்மண், மேல்தோல் உரிக்கப்பட்ட நிலம். அதற்குப் பிறகு சுங்கை சுவாவும் சுங்கை பீசாவும் தேக்கப்பட்டு, கருமையாக ஏரி நிரம்புகிறது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001 பிப்ரவரியில் அது கூட்டரசுப் பிரதேசம் ஆனது. ஏட்டில் இந்த இரண்டு தேதிகளும் இருக்கின்றன. மரம் வெட்டப்பட்ட தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. படம் அதைச் சொல்கிறது.

ரப்பரின் வரலாற்றில் அந்தத் தோட்டத்துக்குத் தனி இடம் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கியது அது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கே பெரும்போர் என்று பொருள். அங்கே உருவான ரப்பர் ஒட்டு ரகங்கள் பிபி என்ற இரண்டு எழுத்தோடு உலகம் முழுக்கப் போயின. இன்றைக்கும் கேரளத்தில் பிபி ரகம் நட்டவர்கள் உண்டு. அந்த எழுத்துகள் எந்த ஊரைக் குறிக்கின்றன என்று தெரிந்தவர்கள் குறைவு.

எங்கே தவறும்

படிக்கத் தெரியாமல் பார்த்தால் இந்தப் படங்கள் நம்மை நன்றாக ஏமாற்றும். நானே ஏமாந்திருக்கிறேன்.

நம் நாட்டில் முதலில் வரும் குழப்பம் செம்பனை. மேலிருந்து பார்த்தால் வளர்ந்த செம்பனைத் தோட்டம் காட்டைவிடப் பச்சையாக இருக்கும். என்டிவிஐ எண்ணும் உயர்ந்தே இருக்கும். 2013-இல் உலகம் முழுமைக்கும் 30 மீட்டர் அளவில் ஒரு காட்டு மாற்ற வரைபடம் வெளிவந்தது. லேண்ட்சாட் தொகுப்பைக் கொண்டு செய்த அருமையான வேலை. ஆனால் ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரம் எல்லாம் அதில் மரம்தான். செம்பனையும் மரம், ரப்பரும் மரம், தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் பழங்காடும் மரம். இருபத்தைந்து ஆண்டான செம்பனையைச் சாய்த்துவிட்டு அதே இடத்தில் புதுக் கன்று வைத்தால், அந்த வரைபடத்தில் அது காட்டை இழந்தது போலவே தெரியும். காட்டை அழித்துச் செம்பனை வைத்து அது வளர்ந்த பின் பார்த்தாலோ எதுவும் நடக்காதது போலத் தெரியும். பச்சை கூடிவிட்டது என்று யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டினால், என்ன பச்சை என்று கேட்பது நம் கடமை.

ரப்பரைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும். அப்போது பாலும் குறையும், சம்பளமும் குறையும். பெரியம்மாவின் பேச்சில் அந்த மாதங்கள் கஷ்ட மாதங்களாகத்தான் வரும். செயற்கைக்கோள் அதே மாதங்களில் அந்த இடத்தின் பச்சை எண் சரிந்து, பிறகு தளிர் விட்டதும் ஏறுவதைப் பதிவு செய்கிறது. செம்பனை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். தோட்டத்து வீடுகளில் அடுப்பு எரிந்த நாளும் எரியாத நாளும் விண்வெளிப் பதிவில் ஒரு வளைகோடாக இருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சற்று நேரம் பேச்சு வராது.

அடுத்தது புள்ளியின் அளவு. லேண்ட்சாட் 5-இன் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்கு நாலரைப் புள்ளிதான். ஒரு லயம் ஒரு புள்ளிக்குள்ளோ இரண்டுக்குள்ளோ அடங்கிவிடும். பந்தாட்டத் திடல் ஆறு ஏழு புள்ளி வரும். கோயில் தெரியாது. கோயில் அரசமரம் தெரியாது. இடுகாடு தெரியவே தெரியாது. கூகுள் எர்த்தில் வீட்டுக் கூரை வரை தெரிகிறதே என்று கேட்பீர்கள். அது வணிக நிறுவனங்களின் படம், அதுவும் பெரும்பாலும் 2000-க்குப் பிறகு எடுத்தது. நம் தோட்டங்களில் பல அதற்குள் போய்விட்டன.

அப்புறம் இடைவெளிகள். லேண்ட்சாட் 5-இல் படங்களைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அது மேலே போகும்போது கீழே எட்டும் தூரத்தில் ஏதாவது தரை நிலையம் வாங்கிக்கொண்டால்தான் படம். அதனால் சில ஆண்டுகளுக்கு நம் பகுதியில் நல்ல படமே அமைவதில்லை. 1999-இல் ஏவிய லேண்ட்சாட் 7-இல் 2003 மே 31 அன்று ஒரு பாகம் பழுதானது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் கீற்றுக் கீற்றாகக் கறுப்புக் கோடு விழுந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிற்று. அந்தக் கோட்டுக்குள் விழுந்த கம்பம், அதாவது கிராமம், அந்தப் படத்தில் இல்லை. அதைப் பார்த்து, அங்கே எதுவும் இருந்ததில்லை என்று எழுதிவிடக் கூடாது.

மேகம்

நம் ஊரில் எல்லாவற்றையும் மிஞ்சும் தொல்லை மேகம். லேண்ட்சாட் கோலாலம்பூருக்கு மேலே வருவது நம் கடிகாரத்தில் காலை பதினொன்றரையை ஒட்டி. அந்த நேரத்தில் வெளியே எட்டிப் பாருங்கள். மாலை இடிமழைக்கான மேகம் தித்திவாங்சா மலைத்தொடர் மேல் திரள ஆரம்பித்திருக்கும். ஆண்டு முழுக்கத் தேடினாலும் முழுத் தெளிவான படம் ஒன்றோ இரண்டோதான் தேறும். அதனால் ஒரே படத்தை நம்பாமல், ஓராண்டில் வந்த எல்லாப் படங்களிலும் மேகமும் நிழலும் இல்லாத புள்ளிகளைப் பொறுக்கி எடுத்து ஒன்றாகத் தைக்கிறார்கள். பழைய சேலைத் துண்டுகளில் போர்வை தைப்பது போன்ற வேலை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு மாதத்தைச் சேர்ந்தவை என்பதை மறக்கக் கூடாது.

ஐரோப்பியர்களின் சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் வந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. 2015-இல் முதலாவதும் 2017-இல் இரண்டாவதும் போயின. 10 மீட்டர் புள்ளி, ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலவசம். அடிக்கடி வந்தால் மேகம் விலகிய நாள் மாட்டும் வாய்ப்பு கூடும். இந்த எண்ணத்தில்தான் மலேசியாவும் 2009 ஜூலையில் ரசாக்சாட்டை அனுப்பியது. மற்றவை வடக்கு தெற்காகச் சுற்றும்போது, இது நிலநடுக்கோட்டை ஒட்டி ஒன்பது டிகிரி சாய்வில் சுற்றியது. அதனால் ஒரே நாளில் பலமுறை நம் தலைக்கு மேல் வர முடிந்தது. மேகத்துக்கு நடுவே கிடைக்கும் சந்தில் பார்த்துவிடலாம் என்பது கணக்கு. மூன்றாண்டு இருக்க வேண்டியது, ஓராண்டு தாண்டியதும் செயலிழந்தது. ஆனாலும் அந்த யோசனை சரியான யோசனை. நம்மைப் போன்ற மழைநாட்டுக்காரர்கள்தான் அப்படி யோசிக்க முடியும். இன்னொரு முறை முயல வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மேகத்தைக் கண்டு கவலைப்படாதது ராடார். சென்டினல் 1 தன் சொந்த அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். இரவும் மழையும் அதற்குத் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பு அந்த அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் தெறித்துவிடும். அதனால் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மாடிவரை தண்ணீர் ஏறிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. என் நண்பர்கள் இருவர் குடும்பத்தோடு கூரையில் இரவைக் கழித்தார்கள். அது போன்ற நாட்களில் வானம் மூடியிருக்கும், சாதாரணப் படத்தால் பயன் இல்லை, ராடார்தான் துணை. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. நெருக்கமான வீட்டு வரிசைக்குள் தண்ணீர் நிற்கும்போது அலை தண்ணீரில் பட்டு, சுவரில் பட்டு, திரும்பி வந்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் பளிச்சென்று ஆகிவிடும். வயல் வெள்ளத்தைப் பிடிப்பது போலத் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வெள்ளத்தைப் பிடிக்க அதனால் முடிவதில்லை. எந்தத் தெருவில் எத்தனை அடி என்பதை அங்கே குடியிருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ள நாளைவிட வெள்ளத்துக்கு முந்தைய முப்பது ஆண்டுதான் இந்தப் படங்களில் இன்னும் பயனுள்ளது. தோட்டமாக இருந்த நிலத்தில் மழை விழுந்தால் மண் ஒரு பகுதியைக் குடித்துக்கொள்ளும், மீதி மெல்ல வடியும். கான்கிரீட்டில் விழுந்த மழை உடனே ஓடும். ஆற்றின் மேல்பகுதியில் எவ்வளவு பச்சை எவ்வளவு சாம்பலாக மாறியது என்று ஆண்டுவாரியாகக் கூட்டிப் பார்த்தால், கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். கூடவே கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏரிகளையும் பார்க்க வேண்டும். சுங்கை பீசியில் இன்று உல்லாச விடுதி நிற்கும் ஏரி, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. பழைய படங்களில் இப்படிப்பட்ட லம்பக் குட்டைகள் கோலாலம்பூரைச் சுற்றி வைரத் துண்டு சிதறியது போல, வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கிடக்கின்றன. அவற்றில் எத்தனை மூடப்பட்டன, மேலே என்ன கட்டப்பட்டது என்பதை ஒரு மாணவர் ஒரே விடுமுறையில் வரைந்துவிடலாம். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள வரைபடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மலைச்சரிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். மேலே மலையில் மரங்கள் அகற்றப்பட்டதும், வடிகால் பழுதும், தாங்கு சுவர்கள் பெயர்ந்ததும் சேர்ந்து செய்த கொலை அது. ஒரே இடத்தின் ராடார் அளவுகளை வெவ்வேறு நாட்களில் எடுத்து ஒப்பிட்டால் தரை மில்லிமீட்டர் கணக்கில் இறங்குவதைக்கூட இப்போது காண முடிகிறது. கட்டடங்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. அடர்ந்த மரங்கள் உள்ள சரிவில் இலையசைவு அளவைக் குழப்பிவிடும். அங்கே பச்சை எங்கே குறைந்தது என்று பார்ப்பதே நல்ல எச்சரிக்கை.

நகரச் சூட்டையும் புகைமூட்டத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டை கூரையும் தாரும் எவ்வளவு சுடுகின்றன என்று சொல்லும். நாம் உணரும் காற்றின் சூட்டை அது சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்கிச் செய்தி போடுபவர்கள் அதிகம். மக்கிய தாவரம் படிந்த கரிநிலத்துத் தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளிகளும் அப்படித்தான். பூமிக்கு அடியில் புகைந்துகொண்டிருக்கும் தீ பலமுறை அதில் மாட்டாது. புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று ஆகிவிடாது.

சாட்சியாக நிற்கும்போது

இதெல்லாம் யாருக்குப் பயன்? ஊராட்சிக்கும் ஆய்வாளருக்கும் என்பது தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது, எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டிய சாதாரண மக்களுக்கு.

கோல லங்காட் வடக்கு வனக்காப்பகம் நினைவிருக்கும். கரிநிலக் காடு, தெமுவான் பழங்குடியினரின் வாழிடம். 2020-இல் அதன் பெரும்பகுதியைக் காப்பிலிருந்து நீக்கும் திட்டம் வெளியானபோது, அது ஏற்கெனவே சிதைந்த காடு என்பதும் ஒரு வாதமாக வந்தது. அது போன்ற வாதத்தை வாயால் மறுக்க வேண்டியதில்லை. ஆண்டுவாரிப் படங்களை எடுத்து, எந்தப் பகுதி எப்போது எரிந்தது, எரிந்த இடம் எப்படி மீண்டும் தழைத்தது என்று காட்டலாம். 2021 மே மாதம் 500 ஹெக்டேருக்கு மேல் நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் காப்புக்குக் கொண்டுவர மாநில அரசு முடிவெடுத்தது.

இன்னொன்று நம் ஆட்களைத் தொட்ட விஷயம். கோலாலம்பூரிலேயே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்குப் பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா பூங்கா. அதன் ஓரத்தில் பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களிலிருந்து நீண்ட வீடுகளில் வாழ்கிறார்கள். பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி கட்டத் தந்த அனுமதி ரத்தானதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிசெய்தது. பூங்கா காப்பாற்றப்பட்டதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அந்தக் குடும்பங்களுக்குத் தர வேண்டிய நிலையான வீடு பற்றிய கவலை இன்னும் மனதில் நிற்கிறது. பழைய படங்களில் புக்கிட் கியாரா முழுவதும் ரப்பர். அந்தச் சிவப்பை ஒவ்வொரு மரமாக நட்டுப் பால் எடுத்தவர்கள் யார் என்பதைப் படம் சொல்லாது. அங்கே பச்சை இருந்தது என்று மட்டும் சொல்லும். அதில் ஊரையும் ஆளையும் எழுதிச் சேர்ப்பது நம் வேலை.

பினாங்கில் உள்ளவர்களுக்கும் கையருகே ஒரு பாடம் இருக்கிறது. தஞ்சோங் தோக்கோங் கடற்கரை எப்படிக் கடலுக்குள் நீண்டது என்பதை லேண்ட்சாட்டில் பார்க்கலாம். தீவின் தெற்கே 2023 செப்டம்பரில் தொடங்கிய கடல் நிரப்பும் வேலையை, ஐந்து நாளுக்கு ஒரு படமாக, கலங்கிய நீர் எந்தப் பக்கம் போகிறது என்பது உட்பட, இப்போதே பார்த்துக்கொண்டிருக்கலாம். பெர்மாத்தாங் டாமார் லாவுட் மீனவர் சொல்வதையும் அந்தப் படத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

உங்கள் தோட்டத்தைத் தேட நினைத்தால் பெரிய கணினி தேவையில்லை. கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் 1984-லிருந்து ஆண்டுவாரியாக ஓடும். எப்போது மாறியது என்று தோராயமாகப் பிடிக்க அது போதும். ஆனால் அது கணினி பல படங்களைக் கலந்து உருவாக்கியது, அதை வைத்து ஆண்டை உறுதிசெய்யாதீர்கள். பிறகு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் பெயர் பதிந்து, அந்த ஆண்டையும் அதற்கு முந்திய பிந்திய ஆண்டுகளையும் சேர்த்து, தேதியோடு மூலப் படங்களை இறக்குங்கள். 2015-க்குப் பிறகு என்றால் சென்டினல் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளம் இன்னும் சுலபம். எந்தப் படத்தைப் பயன்படுத்தினாலும் எடுத்த தேதியையும் செயற்கைக்கோளின் பெயரையும் எழுதி வையுங்கள். தேதியில்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாட்சிக்கு உதவாது. அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. அந்த இடத்தில் வாழ்ந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நான் பெரியம்மாவை உட்கார வைத்தேன். அவருக்கு எழுபத்து மூன்று வயது, கண்ணில் புரை நீக்கி ஆறு மாதம். முதலில் சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, தோட்டம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். நிறத்தைச் சாதாரணப் பச்சைக்கு மாற்றிக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆற்று வளைவைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலால் தோட்டச் சாலையைத் தொடர்ந்தார். ஒரு வெளிறிய சதுரத்தைக் காட்டி, "இது திடல். இதுலதான் ஆடித் திருவிழாவுக்குக் கடை போடுவாங்க" என்றார். ஏழு புள்ளிகள். அதை நான் அதுவரை ஏதோ வெட்டவெளி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். திடலிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "சாமி தூக்கிட்டு வந்தா ஒரு தோள் மாத்துற தூரம்" என்றார்.

அன்று இரவு அந்த இடத்தின் மேல் இன்றைய ஏரியின் கரைக்கோட்டை வைத்துப் பார்த்தோம். திடல் தண்ணீருக்குள் போய்விட்டது. கோயில் மேடு கரைக்கு மேலே, சாலையை ஒட்டி நிற்கிறது. லயம் இருந்த இடம் கரைக்கோட்டின் மேலேயே விழுகிறது. 30 மீட்டர் புள்ளியில் அதற்கு மேல் துல்லியம் கிடையாது, இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். வீட்டு வாக்குவாதம் இப்போது மூன்று புள்ளிகளுக்குள் வந்து நிற்கிறது. அதற்கு நடுவே பெரியம்மா, தன் அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அது எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் திடலுக்குக் கிழக்கே, பழைய மரப் பாத்தியின் மூலையில் என்று அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மூலை படத்தில் இருக்கிறது. மாமா அதைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் மூவரும் அங்கே போகிறோம்.